பெங்குவின் பார்க்கப் போன சனிக்கிழமை

மாங்கரே, ஆக்லாந்து
ஞாயிறு, இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே

பெருமதிப்பிற்குரிய அக்கா சியெனி அவர்களுக்கு,

தம்பி பசேனே பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீங்களும் அத்தானும் உங்கள் பன்றிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம். உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்தை மன்னிக்கவும்.

புறப்படும்போது உங்களிடம் நான் கேட்டது, எங்களுக்காக ஜெபியுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதுதான். ஊர் சுற்ற எங்களுக்கு இருந்தது சனிக்கிழமை மட்டுமே. ஞாயிறு சர்ச், திங்கள் காலை விமானம். மகள் தைமானே தன் வகுப்பில் பெங்குவின் பார்க்கப் போவதாகச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம், "ஆக்லாந்து போனவங்க சொந்தக்காரங்க வீட்டத் தவிர வேற எதப் பாத்திருக்காங்க?" என்று சிரித்ததும், "பாக்காம வந்தா பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன்" என்று அவள் சபதம் போட்டதும் உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் ஜெபித்தீர்கள். கையோடு இங்குள்ள நம் சமோவாக்காரர்களின் ரேடியோவில், தம்பி குடும்பத்தோடு வருகிறான், உறவுகள் கவனித்துக்கொள்ளவும் என்று அறிவிப்பும் கொடுத்தீர்கள். யாரிடமும் சொல்லவில்லைதான் அக்கா, எல்லாரிடமும் சேர்த்துத்தான் சொன்னீர்கள். இந்த அன்புக்கு நான் எப்படிக் கைமாறு செய்வேன்?

காலையில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ்ஸுக்கு முன்னால் லனுவோலா அத்தையின் வேன் வந்து நின்றது. "ஏன்டா, இவ்ளோ தூரம் வந்துட்டு என் வீட்டு வாசல மிதிக்காமப் போயிடலாம்னு பாத்தியா? ஏறுங்கடா எல்லாரும்!" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவரே பெங்குவினிடம் கொண்டு விடுவாராம். அத்தை வீட்டில் ஒரு வாய் என்றால் என்ன அளவு என்பதை நீங்கள் அறிவீர்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை, டின் மாட்டிறைச்சி, கோழி, சேமியா, மறுபடியும் கோழி. "பெங்குவின் எங்க பாட்டி?" என்று கேட்ட தைமானேயிடம், "பறவைதானம்மா? இந்தா, தொடை உனக்கு" என்று தட்டில் வைத்தார். பக்கத்துத் தெருவில் அவர் நாத்தனார், அதற்கடுத்து ஒன்றுவிட்ட சித்தப்பா, அவர் வீட்டுக்கு எதிரே ஒரு சபை மூப்பர். ஒரு வீட்டில் தின்றுவிட்டு இன்னொரு வீட்டைத் தாண்டிப்போனால் நம் குடும்பத்தின் பேர் என்ன ஆவது? ஒவ்வொரு வீட்டிலும் சுவர் முழுக்கப் பட்டம் வாங்கிய படங்கள். சங்கு மாலையோடு சிரிக்கும் அத்தனை முகங்களும் யார் யார் என்று நின்று கேட்டோம். இந்த ஊரில் உள்ள உயரமான கோபுரத்தைப் பார்க்க ஆசைப்பட்ட என் மனைவி ஃபெத்தூவைச் சித்தப்பா கொல்லைப்புறம் அழைத்துப்போய், துணிக்கொடியில் காயும் போர்வையை விலக்கி, "அதோ நுனி தெரியுதுல்ல? கிட்டப் போனாலும் அதேதாம்மா" என்று காட்டினார். மூப்பரின் ஜெபம் முடிவதற்குள் என் சின்ன மகன் தூங்கியே போனான். தைமானே அழவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. அதில் அவ்வளவு இருந்தும் எரிந்தது.

அத்தை வேனைப் பறக்கவிட்டும், பெங்குவின் காட்சிசாலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வாசலை அடைத்து நின்ற காவலாளியிடம் நான் நம் மொழியில் கெஞ்சினேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான்.

"நீங்க... ரேடியோல சொன்ன பசேனேயா?"

"ஆமாம் தம்பி."

"நல்லா இருக்குண்ணே நியாயம்! எங்கம்மா உங்க சம்சாரத்தோட ஊரு. காலையில இருந்து அடுப்ப அணைக்காம உக்காந்திருக்கு. எல்லா வீட்டுலயும் தின்னீங்களாம், எங்க வீடு மட்டும் கசக்குதோ?"

அந்தப் பையன் பெயர் மலாகி. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். "பாப்பா பாத்துட்டு வரட்டும். ஆனா இங்கருந்து நேரா எங்கம்மாகிட்டதான். மிச்சம் வைக்கக்கூடாது." மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, சரி என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய தியாகம் நான் செய்ததில்லை.

பெங்குவின்கள் அப்போதுதான் மீன் தின்று முடித்திருந்தன. தொப்பையைத் தள்ளிக்கொண்டு, நகர முடியாமல், ஒரே பக்கம் பார்த்து நின்றன. தைமானே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பாவம்ப்பா. அதுங்களும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கு" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிப்பிலா, வருத்தத்திலா என்று தெரியவில்லை.

மலாகியின் அம்மா பன்றியே அறுத்திருந்தார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆகவே அக்கா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இனி என் பெயர் எந்த ரேடியோவிலும் வரக்கூடாது. அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எனக்கு நல்ல ஜீரணத்தையும் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத தம்பி
பசேனே

பி.கு.: அடுத்த விடுமுறையில் சிட்னி போகிறோம். தைமானே கங்காரு பார்க்க வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அங்கே விலங்குக் காட்சிசாலை வாசலில் நிற்கிறவன் யார் பிள்ளை என்று இப்போதே விசாரித்து, ரேடியோவில் அவன் அம்மாவின் பெயரை முதலில் படிக்கச் சொல்லுங்கள். இந்த முறை அந்த அம்மா வீட்டிலேயே முதலில் சாப்பிட்டுவிடுகிறோம்.