குதிக்கால் கிறீமும் கஜந்தினியின் முகமும்

சிவமயம்

உடுவில்,
திங்கட்கிழமை.

பேரன்புக்குரிய மச்சாள் அவர்களுக்கு,

சிவகரன் எழுதுவது. இவ்விடம் நானும் பிள்ளை கஜந்தினியும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன், நீங்கள் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அவ்விடம் நீங்களும் பிரகலாதன் அண்ணையும் டென்மார்க் குளிரில் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். கையில் ஃபோன் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் ஃபோன் ஒன்று, அறை இரண்டு. நான் கதைப்பதெல்லாம் கஜந்தினிக்குக் கேட்கும். நான் எழுதி அனுப்புவதையும் அவள்தான் முதலில் வாசிப்பாள். இதுவோ அவளைப் பற்றிய விசயம்.

போன ஞாயிறு நீங்கள் ஃபோன் எடுத்தபோது, "தங்கச்சி போனதோடை எங்கடை உறவும் போச்சோ? நாலு மாதமாப் பிள்ளையின்ரை முகத்தைக் கண்ணிலை காட்டுறியள் இல்லை. நான் என்ன பிறத்தியோ?" என்று கேட்டு அழுதீர்கள். நான் "பிள்ளை குளிக்கிறாள்" என்றேன். அதற்கு முதல் ஞாயிறும் அதைத்தான் சொன்னேன். நான் சொன்னபடி அவள் குளித்திருந்தால் எங்கள் கிணறு எப்போதோ வற்றியிருக்கும். உண்மை என்னவென்றால், பிள்ளைக்கு முகம் முழுக்கப் பரு. ரியூசனுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறாள், ஊரில் திரும்பவும் கொரோனாவோ என்று இரண்டு பேர் என்னை மறித்துக் கேட்டுவிட்டார்கள். உங்கள் அழைப்பு வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். உங்கள் மேல் கோபமில்லை, பெருமையுமில்லை. முகத்தைக் காட்ட வெட்கம். அந்த முகம் அவ்வளவு மோசமானதற்குக் காரணம் நான்தான் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

உங்கள் தங்கச்சி தயாளினியின் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமைதான் முதல் பரு வந்தது. நான் நுளம்பு என்று நினைத்து வலை கட்டினேன். வலைக்குள் படுத்தவளுக்கு அடுத்த கிழமை ஏழு. சரி, நுளம்பு வலைக்கு உள்ளேதான் குடியிருக்கிறது என்று வலையை அவிழ்த்துவிட்டு வேப்பிலைப் புகை போட்டேன். பிள்ளைக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஞானாம்பிகை அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "தம்பி, உது பரு. அழுக்காலை வாறது. கழுவக் கழுவப் போயிடும்" என்றா. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் வீட்டில் தாராளமாய் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கழுவ வைத்தேன், நானே வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். தோல் காய்ந்து இழுத்து, பரு இரட்டிப்பானது. அக்கா திரும்பவும் வேலிக்கு வந்து, "அப்ப சூடுதான்" என்றா. கத்தரிக்காயை நிறுத்தினேன், பொரியலை நிறுத்தினேன், மாம்பழத்தைக் கண்ணிலும் காட்டவில்லை. மூன்று கிழமை பிள்ளை என் கையால் வைத்த பயற்றங்கஞ்சியைக் குடித்தாள், அதைவிடப் பரு நல்லம் என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. இந்த வருசம் எங்கள் மரத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முழுவதையும் அணில்களும் ஞானாம்பிகை அக்காவும்தான் சாப்பிட்டார்கள்.

எண்ணெய் விசயத்தை எழுதக் கை கூசுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் தயாளினி பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைத்து முழுக வார்ப்பது உங்களுக்குத் தெரியும். அவள் போன பிறகு எது நின்றாலும் அது நிற்கக் கூடாது என்று பிடிவாதமாய் இருந்தேன். தாயில்லாப் பிள்ளையின் தலை வறண்டு கிடக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். ஆனால் இது மண்வெட்டி பிடித்த கை, அளவு தெரியாது. நல்லெண்ணெய் நெற்றியால் வழிந்து கன்னத்துக்கு வரும், வந்ததை வீணாக்காமல் கன்னத்திலேயே தேய்த்துவிடுவேன். ஒரு மணித்தியாலம் ஊறட்டும் என்று வெயிலில் இருத்துவேன். அவள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். சுகமாய் இருக்கிறது போல என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் உங்கள் பார்சல் வந்தது. பெரிய ரியூப் ஒன்று, சின்ன ரியூப் ஒன்று. இரண்டிலும் படமில்லை, எல்லாம் உங்கள் ஊர் எழுத்து. பெரியது எனக்கு, சின்னது பிள்ளைக்கு என்று நீங்கள் ஃபோனில் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் மச்சாள், வெள்ளிக் கடதாசி சுற்றி, மணக்க மணக்க வந்த அவ்வளவு பெரிய சாமானைக் கடல் கடந்து யாராவது ஒரு தோட்டக்காரனின் காலுக்கு அனுப்புவார்களா? செத்தவீட்டுக்கு வந்தபோது என் குதிக்கால் வெடிப்பை நீங்கள் பார்த்துவிட்டுப் போனதை நான் எங்கே கண்டேன். நீங்கள் மாறிச் சொல்லிவிட்டீர்கள் என்று தீர்மானித்தேன். பிள்ளை, "அப்பா, பெரியம்மா அப்பிடிச் சொல்லேல்லையே" என்றாள். "வெளிநாட்டுச் சாமான் பிள்ளை, பேசாமல் பூசு" என்றேன். காலையும் மாலையும் மூன்று கிழமை பூசினாள். முதல் நாளே எரியுது என்றாள், மருந்தென்றால் எரியத்தான் வேண்டும் என்றேன். முகம் சிவந்து தோல் உரிந்தது. பழைய தோல் போய்ப் புதுத்தோல் வரப்போகிறது என்று ஞானாம்பிகை அக்காவிடம் பெருமை வேறு பேசினேன். சின்ன ரியூபை நான் குதிக்காலுக்குப் பூசினேன். அது நன்றாய்ப் பிடித்தது. இப்போது என் குதிக்கால் கலியாணப் பெண்ணுடையது போல இருக்கிறது, செம்மண்ணில் வைக்கவே மனம் வரவில்லை.

கடைசியில் கண்ணீரோடு நின்ற பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குத் தோல் டொக்டர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். பூசியதெல்லாம் கொண்டுவரச் சொன்னா. பெரிய ரியூபின் எழுத்தை ஃபோனில் படமெடுத்துத் தமிழாக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது குதிக்கால் வெடிப்புக்குப் பூசுறது" என்றா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தா. கஜந்தினி சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"நீங்கள் என்ன தொழில்?" என்று டொக்டர் கேட்டா.

"தோட்டம். வெங்காயமும் புகையிலையும்."

"வெங்காயத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தண்ணி விடுவியளோ?"

"ஐயோ, அழுகிப் போயிடும்."

"அப்ப பிள்ளையின்ரை முகத்துக்கு மட்டும் ஏன் விட்டனியள்?"

மச்சாள், அந்தக் கதிரையிலேயே புதைந்து போகலாம் போல இருந்தது. இந்த வயதில் தோலுக்கு அடியில் எண்ணெய் கூடச் சுரக்குமாம். அதோடு செத்த தோலும் சேர்ந்து மயிர்த் துவாரத்தை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குவதுதான் பருவாம். அழுக்குமில்லை, கத்தரிக்காயுமில்லை, யார் கண்ணூறுமில்லை. காலையும் மாலையும் மட்டும் மென்மையான சோப்பால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கிள்ளினால் தழும்பு நிற்கும். தலை எண்ணெய் நெற்றிக்கு வரவே கூடாது, தலையணை உறையை அடிக்கடி மாற்ற வேண்டும், வெயிலுக்குக் குடை பிடிக்க வேண்டும். மருந்தொன்று தந்தா, அதையும் மெல்லிசாய்த்தான் பூச வேண்டுமாம். குறைய இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அவசரப்பட்டு ஒன்றையும் மாற்றக் கூடாது என்றா. ஒரு வெங்காயப் போகம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு, "கவலை இருந்தாலும் உது கூடும். பிள்ளை ஒழுங்கா நித்திரை கொள்ளுறாவோ?" என்று கேட்டா. நான் "ஓம்" என்றேன். அதே நேரத்தில் பிள்ளை "இல்லை" என்றாள். பக்கத்து அறையில் படுக்கிறவன் நான், எனக்குத் தெரியாது.

தயாளினி இருந்திருந்தால் முதல் பருவிலேயே எல்லாம் விளங்கியிருக்கும். இந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன தேவை என்று தெரிந்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒன்றும் தெரியாத நான் மிஞ்சியிருக்கிறேன். மாறி நடந்திருந்தால் பிள்ளைக்கு நல்லதாய் இருந்திருக்கும் என்று தோட்டத்தில் தனிய நிற்கும்போது நினைப்பதுண்டு. வீட்டில் நினைப்பதில்லை, பிள்ளை கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகையால் மச்சாள், ஆவணி வரைக்கும் வீடியோ அழைப்பு எடுக்க வேண்டாம். அதற்குள் முகம் ஆறிவிடும். குரலில் மட்டும் எடுங்கள். நான் இதை எழுதினேன் என்று பிள்ளைக்குக் காட்டிக்கொள்ள வேண்டாம். கிறீம் வகை எதுவும் இனிமேல் அனுப்ப வேண்டாம், என்னை நம்பி ஒன்றும் அனுப்பவே வேண்டாம். பிள்ளையைப் பிழையாய் நினைக்காதீர்கள், ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள்.

பிரகலாதன் அண்ணைக்கு என் அன்பு. எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சிவகரன்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். பார்சல் பெட்டியைப் பார்த்து உறையில் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்துக்கு நடுவே குறுக்குக் கோடு கிடந்தது, அச்சுப் பிழை என்று நான் அதை எழுதவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த கஜந்தினி அதைக் கண்டு, "அப்பா, உந்தக் கோடு வேணும்" என்று உறையை இழுக்க, கடிதமும் கூட வந்துவிட்டது. நின்றபடியே வாசித்தாள். அணில் வரும் இடத்தில் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. முடிவில் அழுதாள்.

"அப்பா, நான் பருவுக்காண்டி ஒளிக்கேல்லை" என்றாள். "பெரியம்மா அம்மாவை உரிச்சு வைச்ச மாதிரியெல்லோ இருக்கிறா. திவசத்தோடை எல்லாம் முடிஞ்சுது எண்டு நீங்கள் எல்லாரும் சொன்னியள். எனக்கு அதுக்குப் பிறகுதான் தொடங்கினது. ஃபோனிலை பெரியம்மா 'பிள்ளை' எண்டு கூப்பிடேக்கை அம்மா உயிரோடை இருக்கிற மாதிரி இருக்கும். ஃபோனை வைச்ச உடனை அம்மா திருப்பியும் செத்துப்போறா. ஒவ்வொரு ஞாயிறும் என்னாலை ஏலாது அப்பா."

நாலு மாதமாய் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. சொல்லப்போனால் என் விசயமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் கதைத்தால் ஃபானும் கூரையும்தான் தெரிகிறது என்று நீங்கள் ஏசுவீர்களே, எனக்கு ஃபோன் பிடிக்கத் தெரியாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் நானும் அப்படிப் பிடித்திருக்கிறேன்.

இது கிடைத்த ஞாயிறு வீடியோவில் எடுங்கள். இரண்டு பேரும் வருகிறோம், பருவும் வரும். நாங்கள் அழுதால் பயப்பட வேண்டாம். பிள்ளை ஒரு நிபந்தனை எழுதச் சொல்கிறாள்: "பெரியம்மா முதல் ஃபோனை வைக்கக் கூடாது. ஏலுமான நேரம் நான் வைப்பன்."