வைமாரி எந்த நாட்டுக்காரி?

வைமாரி வாய் நிறையப் பற்பசை நுரையோடு தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். கத்தியதில் பாதி நுரையில் அமுங்கிப்போனது. மீதிப் பாதியை அச்சில் போட முடியாது.

திரையில் இருந்தது இதுதான்: 'மகிழ்ச்சியான செய்தி! உப்புத்தீவு இப்போது டெல்விக் குடும்பத்தில் இணைந்துவிட்டது. இனி டெல்விக் கன்சோலில், டெல்விக் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே. ஞாயிறு மாலைக்குள் மாற்றிக்கொள்ளாத தீவுகள் அழிக்கப்படும்.'

"மகிழ்ச்சியாம்! யாருக்குடா மகிழ்ச்சி?" என்று கேட்டுவிட்டு வாய் கொப்பளிக்கப் போனாள்.

உப்புத்தீவு ஒரு கேம். நடுக்கடலில் ஆளில்லாத ஒரு தீவு கிடைக்கும். வீடு கட்டலாம், படகு செய்யலாம், மீன் பிடிக்கலாம். வைமாரி கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அவளும் தம்பி ராவிரியும் சேர்ந்து கட்டிய தீவு அது. இரண்டு பேர் பெயரிலும் பட்டா. இதுவரை யார் எந்தக் கன்சோலிலிருந்து வேண்டுமானாலும் அந்தக் கரையில் இறங்கலாம் என்றிருந்தது.

ராவிரி இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் பக்கம் ஒரு சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். போன் அடித்தால் எடுக்க மாட்டான். பத்து வரி எழுதி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் படகில் ஏறி, தூண்டிலைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வாயைத் திறப்பான். சாப்பிட்டதைச் சொல்வான். தூக்கம் வராததைச் சொல்வான். ஒருமுறை அப்பாவைப் பற்றிக்கூடப் பேசினான். அவளுக்குத் தம்பி என்று ஒருவன் இருப்பது அந்தப் படகில் மட்டும்தான்.

அந்தப் படகைத்தான் இப்போது பிடுங்கப் போகிறார்கள்.

வைமாரிக்கு நியூசிலாந்தில், வெலிங்டன் நகரசபையில் வேலை, நாய்ப் பதிவுப் பிரிவில். 'எங்க வீட்டுலயே முதல் பட்டதாரி, நகரசபையில பெரிய வேலை' என்று சொந்த ஊரான டோலாகா பே முழுக்க அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். நாயைப் பற்றிச் சொல்லவில்லை.

பக்கத்து மேசை லாக்லன் டெல்விக் கம்பெனியின் பக்தன். அன்று காலை அவனிடம்தான் முதலில் வெடித்தாள்.

"இதுல கோபப்பட என்ன இருக்கு?" என்றான் அவன். "மாசம் ஒரு பீட்சா விலை. நானூறு கேம். சும்மா அள்ளிக் குடுக்கறான்."

"எனக்கு நானூறு வேணாம். ஒண்ணு போதும். அந்த ஒண்ணை நான் எப்பவோ காசு குடுத்து வாங்கிட்டேன்."

"வாங்கலை வைமாரி. விளையாட அனுமதிதான் வாங்கினே. 'சம்மதம்'னு ஒண்ணை அமுக்கினியே, அதுல இருக்கு."

"ஓஹோ. நான் கடையில ஒரு சட்டி வாங்கறேன். அப்புறம் சட்டிக் கம்பெனியை ஒருத்தன் வாங்கறான். என் வீட்டுக்கே வந்து, 'இந்தச் சட்டி இனிமே என் அடுப்புல மட்டும்தான் கொதிக்கும். அடுப்புக்கு மாச வாடகை. வாடகை தரலைன்னா உள்ள இருக்கற குழம்பைக் கொட்டிடுவேன்'ங்கறான். அதுக்கும் சம்மதமா?"

லாக்லன் கொஞ்சம் யோசித்தான். "அடுப்பு நல்ல அடுப்பா இருந்தா..."

அவன் மேசையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து வைமாரி குப்பைக் கூடையில் போட்டாள்.

ஆனாலும் கோபத்தால் தீவைக் காப்பாற்ற முடியாது. அன்று சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு டெல்விக் பாஸ் எடுத்தாள். 'நன்றி! உங்கள் பாஸைப் பயன்படுத்த ஒரு டெல்விக் கன்சோல் தேவை' என்றது திரை.

மறுநாள் லாக்லனிடமே அவனுடைய பழைய கன்சோலை விலைக்கு வாங்கினாள். பிஸ்கட்டுக்கும் சேர்த்து விலை போட்டான். வீட்டுக்குத் தூக்கிவந்து மாட்டியதும், 'நன்றி! உங்கள் தீவுக்கு இரண்டு உரிமையாளர்கள். இருவரும் ஒரே குடும்பப் பாஸில், ஒரே நாட்டில் இருக்க வேண்டும்' என்றது.

ராவிரியிடம் டெல்விக் கன்சோல் ஏற்கெனவே இருந்தது. அவன் அதை வாங்கிய நாளில் கட்சி தாவிவிட்டான் என்று வைமாரி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிரச்சினை கன்சோல் இல்லை, கடல்தான். அவன் அந்தக் கரை, இவள் இந்தக் கரை.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றான் லாக்லன். "அக்கவுன்ட்ல நாட்டை மாத்திக்கோ. ஆஸ்திரேலியான்னு போடு."

"நானா? ஆஸ்திரேலியாவா?"

"சும்மா ஒரு பட்டன்தானே! உலகமே நம்ம நாட்டுப் பேரைத்தான் போட்டுக்கிட்டுத் திரியுது. புது கேம் வந்தா இங்கதானே முதல்ல விடியுது? லண்டன்காரன் மத்தியானத்துலயே நியூசிலாந்துக்காரன் ஆயிடறான், அரைநாள் முன்னாடி விளையாடலாம்னு. நீ தம்பிக்காக ஆஸ்திரேலியாக்காரி ஆகக்கூடாதா?"

பட்டனை அமுக்கும்போது வைமாரி கண்களை மூடிக்கொண்டாள். 'வாழ்த்துகள்! நீங்கள் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறீர்கள்' என்று வந்தது. அடுத்த வரியில் இருந்தது இது: 'மன்னிக்கவும். உங்கள் குடும்ப உறுப்பினர் நியூசிலாந்தில் இருக்கிறார்.'

"அடப்பாவி!" என்றாள். அவனும் லண்டன்காரன் வேலையைத்தான் பார்த்திருக்கிறான்!

உடனே, 'படகுக்கு வா. இப்பவே' என்று அவனுக்கு அனுப்பினாள். கட்டைவிரல் வந்தது. பழைய கன்சோலில் உப்புத்தீவு இன்னும் உயிரோடிருந்தது. படகின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவன்.

"ஏண்டா, நியூசிலாந்துன்னு போட்டிருக்கியா?"

அலை மட்டும் அடித்தது.

"ம்... ஆமாக்கா. எல்லாரும் போடறாங்கல்ல."

"ஆஸ்திரேலியான்னு மாத்து."

"அது... மாத்த முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"விடுக்கா. தீவுதானே. போனா போகட்டும்."

வைமாரி தூண்டிலைக் கீழே போட்டாள். "என்னடா சொன்னே? நம்ம வம்சத்துல நிலம் போனப்ப யாராவது 'போனா போகட்டும்'னு சொல்லியிருக்காங்களா? பிரிஸ்பேன்ல வேலை போனதும் பெத்தவ வீட்டு சோபாவுல வந்து விழுந்தானே நம்ம சொந்தக்காரன் டூரோவா, அவனை மாதிரியே பேசறே. பெரியப்பா சாவுக்கு வந்தப்ப, அத்தனை பேர் முன்னாடி அவனை நான் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா?"

"...இருக்குக்கா."

"கையாலாகாதவனுங்கதான் அப்படித் திரும்பி வருவானுங்க. நீ அப்படியில்லை. அதனாலதான் சொல்றேன், மாத்து."

ராவிரியின் தூண்டிலில் மீன் கடித்து மிதவை மூழ்கியது. அவன் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படகிலிருந்தே காணாமல் போனான்.

சரி, தானே பழையபடி நியூசிலாந்துக்குத் திரும்பிவிடலாம் என்று பட்டனைத் தேடினாள் வைமாரி. 'மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மட்டுமே நாட்டை மாற்றலாம்' என்று வந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தாள். "அம்மா, வசந்தகாலம் வர்ற வரைக்கும் நான் ஆஸ்திரேலியாக்காரியாம்!"

"என் வயித்துல பொறந்துட்டு ஆஸ்திரேலியாக்காரியா? வெளியே சொல்லிடாதே."

"ராவிரியோட பேசறதுக்கு எனக்கு வேற வழி இல்லைம்மா. அது உனக்குத் தெரியுமா?"

"நீ கத்தறதைக் கொஞ்சம் குறைச்சா அவன் போனையே எடுப்பான்" என்றாள் அம்மா. பிறகு அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. 'நீங்கள் ஆஸ்திரேலியாவில் இல்லாமலே ஆஸ்திரேலியாவில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இது மோசடி. உங்கள் அக்கவுன்ட் முடக்கப்படுகிறது.' ஆஸ்திரேலியாக்காரி என்று சொன்னவனும் டெல்விக். இல்லை என்று கண்டுபிடித்தவனும் டெல்விக். குற்றவாளி மட்டும் இவள்.

ஞாயிறு மதியம் உதவி எண்ணில் ஒரு மனிதக் குரல் கிடைப்பதற்குள் நூடுல்ஸ் ஆறிப் பசையாகியிருந்தது.

"வணக்கம் மேடம். மணிலாவுல இருந்து மரிசெல் பேசறேன். என்ன உதவி வேணும்?"

"நான் நியூசிலாந்துக்காரி."

மரிசெல் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க. நேத்து போலந்துல இருந்து ஒருத்தர். அதுக்கு முன்னாடி பிரேசில் அம்மா ஒருத்தங்க, அழுதுட்டே சொன்னாங்க."

"நான் நிஜமாவே நியூசிலாந்துக்காரி!"

"அவங்களும் 'நிஜமாவே'ன்னுதான் சொன்னாங்க. உங்க பேர்ல முகவரிச் சான்று ஏதாவது இருக்கா? கரன்ட் பில் மாதிரி?"

கரன்ட் பில் அவளோடு தங்கியிருக்கும் தோழியின் பெயரில் இருந்தது. அதே மாதிரி பில்லைக் கொண்டுவந்த ஒரு லேப்ரடார் நாய்க்காரரை வெள்ளிக்கிழமைதான் வைமாரி, 'இதெல்லாம் செல்லாது' என்று திருப்பி அனுப்பியிருந்தாள். அந்த நாய் அவளைப் பார்த்த பார்வை இப்போது நினைவுக்கு வந்தது. அதை ஓரமாகத் தள்ளினாள்.

"இங்க பாரும்மா. நாங்க நியூசிலாந்தோட பூர்வகுடி; என் முன்னோர் வந்து இறங்கின தோணிப் பேர்ல இருந்து ஒவ்வொரு தலைமுறையாச் சொல்றேன், எழுதிக்கறியா?"

"அதுக்கு இங்க கட்டம் இல்லை மேடம்."

"இருக்காது! உங்க கம்பெனிக்கு எதுக்குத்தான் கட்டம் இருக்கு? நான் காசு குடுத்து வாங்கினது எப்ப வாடகையாச்சுன்னு கேக்கக் கட்டம் இருக்கா? எந்த கன்சோல்ல வேணா ஓடினதை உங்க ஒருத்தன் கன்சோல்ல கட்டிப்போட்டது எதுக்குன்னு கேக்கக் கட்டம் இருக்கா? அக்காவும் தம்பியும் பேசறதுக்கு நடுவுல நீங்க யாரு, சுங்கச்சாவடி?"

மரிசெல்லின் குரல் தாழ்ந்து வந்தது. "என் தம்பி துபாய்ல இருக்கான் மேடம். நாங்களும் இப்படித்தான், ஒரு கேம்ல குதிரை ஓட்டிக்கிட்டே பேசிக்குவோம். இருங்க, பாக்கறேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "உங்க தம்பி அக்கவுன்ட்ல சிக்கலே இல்லை. நியூசிலாந்துலதான் இருக்கார்."

"அவன் பெர்த்துல இருக்கான். அப்படிப் போட்டு வச்சிருக்கான், திருட்டுப் பய."

"எங்க சிஸ்டம் போட்டதைப் பாக்காது மேடம். கன்சோல் எங்கேருந்து பேசுதுன்னுதான் பாக்கும்."

"உங்க சிஸ்டம்தானே என்னை ஆஸ்திரேலியான்னுச்சு?"

"அது..." மரிசெல் அதற்கு மேல் வாதாடவில்லை. சம்பளம் அதற்கில்லை போலிருந்தது. "சரி மேடம், ஒரே ஒரு கேள்வி. இது எங்க கம்பெனி கேள்வி இல்லை, என்னோடது. கடற்கரைக்குப் போறப்ப காலுக்கு ரப்பர்ல ஒண்ணு போடுவீங்களே, விரல் நடுவுல வார் வர்ற மாதிரி. அதுக்கு என்ன பேரு?"

"ஜாண்டல். வேற என்ன?"

"நிச்சயமா? வேற பேரு எதுவும் இல்லையே?"

"ஆஸ்திரேலியாக்காரங்க அதை 'தாங்'னு சொல்வாங்க. எங்க ஊர்ல 'தாங்'னா உள்ளாடை. அதைப் போய் நாங்க காலுல மாட்டறதில்லை."

மணிலாவில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது வெலிங்டனில் தெளிவாகக் கேட்டது. "போதும் மேடம். போலந்துக்காரர் இதுல வழுக்கிட்டார். முடக்கத்தை எடுத்துட்டேன். நீங்க இப்ப நியூசிலாந்து. உங்க தம்பியும் நியூசிலாந்து. ஒரே குடும்பம், ஒரே நாடு. தீவு வந்துட்டிருக்கு பாருங்க."

வைமாரி போனிலேயே அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். மரிசெல், "இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீங்க மேடம்?" என்று கேட்டாள். டெல்விக்குக்கு ஒன்றும் கிடையாது, மரிசெல்லுக்கு வானத்தில் உள்ளது எல்லாம் என்றாள் வைமாரி. அதற்கும் கட்டம் இல்லையாம்.

வெளியே இருட்டத் தொடங்கியபோது திரையில் தீவு வந்து நின்றது. வீடு அப்படியே இருந்தது. கோணலாகக் கட்டிய கோழிக்கூண்டும் அதே கோணலில் இருந்தது. படகில் ராவிரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியாடா!" வைமாரி படகில் குதித்தாள். "'போனா போகட்டும்'னியே! காப்பாத்திட்டேன்ல!"

"ஆமாக்கா. பெரிய ஆளுதான் நீ." அவன் தொண்டையைச் செருமினான். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, நான் முதல்ல முடிச்சுக்கறேன். ஒரு வாரமா வயிறு எரியுது. உலகத்துலயே பெரிய கம்பெனியாம். ஊர்ல இருக்கற கேமையெல்லாம் வாங்கிப் பூட்டத் தெரியுது, சாவிக்கு மாசாமாசம் வாடகை வாங்கத் தெரியுது. ஆனா நான் எங்க இருக்கேன்னு தெரியலை, நீ எங்க இருக்கேன்னு தெரியலை! அந்தப் பொண்ணு என்கிட்டயே சொல்றா, உன் கன்சோல் நியூசிலாந்துல இருந்து பேசுதாம். மடையனுங்க! வடிகட்டின மடையனுங்க! என் சொந்தத் தம்பி எந்த நாட்டுல இருக்கான்னு எனக்குத் தெரியாதா?"

ராவிரி பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம் ஹெட்போனில் கேட்டது. தட்டு ஒன்றை மேசையில் வைக்கும் சத்தமும், அதன் பின்னால் அம்மாவின் குரலும் கேட்டன:

"என்னடா, வைமாரிகிட்டச் சொல்லிட்டியா, இல்ல இன்னும் பெர்த்துலயேதான் இருக்கியா?"