பொட்டிப்புரத்து முனியும் ரெண்டு ஜிபி மெமரியும்

அப்பா, தங்கச்சி அருள்செல்வி கம்ப்யூட்டர ஆட்டோவுல ஏத்தாதீக. ஏத்திருந்தா எறக்குங்க. நேத்து லீவு போட்டுட்டு திருப்பூர்ல இருந்து நேரா பொட்டிப்புரம் போய்ட்டு வந்தேன். வீட்டுக்கு வரலன்னு அம்மா திட்டட்டும், பரவால்ல. மொதல்ல இதக் கேளுங்க.

கூட்டம்னா கூட்டம். கம்பத்துல இருந்து, வடுகபட்டில இருந்து, கேரளா வண்டி ரெண்டு வேற. ஆளாளுக்கு மடியில சிபியு, பச்சப்புள்ளையத் தடுப்பூசிக்குத் தூக்கிட்டு வந்த மாதிரி. ஒருத்தரு மானிட்டருக்குத் துண்டு போத்திருக்காரு. கண்ணு பட்டுருமாம்.

சாமி பேரு விஜயபாண்டி. இப்ப பயாஸ் சாமி. அந்த ஊரு மலையக் குடைஞ்சு நியூட்ரினோ லேப் கட்டப் போறாகன்னு பேச்சு வந்துச்சுல்ல, அதக் கேட்டே மலையில இருந்த முனி பயந்து எறங்கிருச்சாம். எறங்குனது தென்னந்தோப்பு, தெராட்சத் தோட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு கம்ப்யூட்டருக்குள்ள போயி மெமரியத் திங்குதாம். முனிக்கு டேஸ்ட்டு அப்படி.

ஸ்க்ரீன்ல சாட்சி காட்டுறாரு. "பாத்தியா, போட்டது எட்டு ஜிபி. இருக்குறது ஆறுகூட இல்ல. மிச்சத்தத் தின்னது யாரு?"

கூட்டம் மொத்தமும், "முனி!"

பெறகு கீபோர்டு, ஸ்க்ரீன் எல்லாத்தையும் காவித் துணியால மூடி, உள்ள தலைய விட்டுக்கிறாரு. மந்திரம். நடுவுல டக் டக்னு சத்தம். முனி பல்லக் கடிக்குதாம். துணிய எடுத்தா மெமரி திரும்ப வந்துருது. காணிக்க ஒரு பெட்டி பன்னீர் தெராட்ச. முனிக்காம். கொட்டைய மட்டும் இவரு துப்புறாரு.

எனக்கு முன்னால அம்சத் பீவின்னு ஒரு அம்மா. உத்தமபாளையத்துல கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வச்சிருக்காக. சாமிய மறிச்சுக் கேட்டாக.

"மொத தடவ வந்தேன், மெமரி கூடுச்சு. ஆனா வீடியோவுல மாப்பிள்ள தத்தித் தத்தி நடக்குறாரு. ரெண்டாந்தடவ வந்தேன், கண்ணேறுன்னு இன்னொரு பூச போட்ட. மாப்பிள்ள நல்லா நடந்தாரு, மெமரி கொறஞ்சு போச்சு. முனி போகுதா, வருதா?"

"சினம் அடங்கலம்மா. பெட்டிய ஒரு மண்டலம் இங்கன விட்டுட்டுப் போங்க."

போன்ல உங்ககிட்டயும் இதத்தானப்பா சொன்னாரு? நாப்பத்தெட்டு நாளு! பத்திரிக அடிக்கிற கல்யாண சீசன்ல பெட்டி அங்கன கெடந்தா, அருள்செல்வி எத வச்சு டிசைன் பண்ணுவா?

அம்சத் பீவி விடல. "மந்திரத்துக்குத்தான முனி போகுது? இந்தா, கீபோர்டக் கழட்டிட்டேன். மந்திரத்த மட்டும் சொல்லு."

"சொல்லுங்க சாமி"ன்னு கூட்டம் நெருக்குச்சு. தொண்ட கட்டுற வரைக்கும் சொன்னாரு. பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தாச்சு. ஒண்ணும் வரல.

கீபோர்டத் திரும்ப மாட்டிட்டு அந்தம்மா என்னயப் பாத்தாக. "இப்ப கீபோர்டு இருக்கட்டும், மந்திரம் வேணாம். தம்பி, நீ ஒக்காரு. இந்த ஆளு தட்டுனது டெலீட் கீதான். துணி ஓட்டையில பாத்துட்டேன்."

ஆன் பண்ணித் தட்டுனேன். ஒரு பக்கம் தெறந்துச்சு. அதுதான் பயாஸ், போர்டோட செட்டிங்கு. முனி பேரு எங்கயும் இல்லப்பா. மெமரியில கிராபிக்ஸுக்கு எம்புட்டு ஒதுக்கணும்னு ஒரு வரி, ரெண்டு ஜிபின்னு இருந்துச்சு. தனி கார்டு இல்லாத பெட்டி படம் காட்டுறதுக்கு மெமரியில இருந்துதான் எடுத்துக்கிரும். இங்கன கூட்டுனா அங்கன கொறையும். அம்புட்டுத்தான்.

நான் கொறச்சு சேவ் பண்றேன், அம்சத் பீவி கண்ண மூடிக்கிட்டு ஓதுறாக: "தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி, ஏறு ஏறு!"

பெட்டி ஆன் ஆச்சு. மெமரி ஏறிக் கெடக்கு!

கூட்டம் சிரிச்ச சிரிப்புல சாமி துணியச் சுருட்டிக்கிட்டு பின்வாசல் வழியா ஓடிட்டாரு. அப்பாடான்னு பாத்தா, ஒரு ஆளு சிபியுவத் தூக்கிட்டு ஓடியாறாரு. "ஆத்தா, எங்க பெட்டிக்கும் அந்த பஸ் மந்திரத்த ஒரு தடவ சொல்லுங்க!"

"ஏலே, இம்புட்டு நேரம் எதடா பாத்த?"ன்னு அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டாக.

அப்பா, ஆன் பண்றப்ப அருள்செல்விய டெலீட் கீயத் தட்டச் சொல்லுங்க. மிச்சத்த நான் போன்ல சொல்றேன். பக்கத்துல நின்னு நீங்க கும்புடாதீக. கும்புடுறதுக்கே ரெண்டு கையையும் சேத்துட்டா, தட்டிப் பாக்க எந்தக் கையி இருக்கு?