டியூப் லைட்டில் விளைந்த புல்

சாமான் அறைக்குள் ஒரு தாம்பாளம் கேப்பைப் புல் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மூலையில் எரிந்த குண்டு பல்பைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அமலதாஸ் தாம்பாளத்தைத் திருப்பி வைத்தார். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் புல்லும் திரும்பிக்கொண்டு பல்பைக் கும்பிட்டது. நிறமும் பச்சை இல்லை. காமாலை கண்டது மாதிரி மஞ்சள்.

"பேசாம வெயில்ல வைங்களேன்" என்றாள் அவர் மனைவி சகாயராணி.

"கொல்லையில வச்சதத்தான் கோழி தின்னுருச்சுல்ல? வெயில்ல எவனும் வளப்பான். நான் வீட்டுக்குள்ள வளத்துக் காட்டுறேன்."

காட்டியே ஆக வேண்டும். மாதா கோயில் பங்கின் கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் வருசா வருசம் முதல் பரிசு வாங்குகிறவர் அந்தோணி பிரபு. குடிலுக்குள் அவர் பரப்புவது பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். அதெல்லாம் ஒரு புல்லா என்று கோயில் வாசலில் அமலதாஸ் கேட்கப்போக, உங்க புல்லக் கோழிதான தின்னுச்சு என்று அவர் சிரிக்க, பேச்சு முற்றிவிட்டது. வெயிலே படாமல் வீட்டுக்குள் உயிர்ப்புல் வளர்த்துப் பரிசு வாங்குவேன், வாங்காவிட்டால் இனி குடிலே கட்டமாட்டேன் என்று பங்குச் சாமியார் காதுபடச் சொல்லிவிட்டார் அமலதாஸ்.

லைட்டுக் கடை வயிரவன், இருநூறு வாட் போடச் சொன்னான். போட்டார். அறை அடுப்படி ஆனது. நுனியெல்லாம் கருகிப் புல் பழைய துடைப்பமாக நின்றது. ஆட்டுக்குப் போட்டார்கள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்படியென்றால் மெர்க்குரி விளக்குதான் என்றான் வயிரவன். அதையும் மாட்டினார். தெருவுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. எல்லா வீட்டிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டியதும் தெருவே இருண்டது. அடுத்த வீட்டுச் சிட்டாள் ஆச்சி டார்ச்சோடு வந்து நின்றாள்.

"என்ன தம்பி, புல்லுக்காகவா எங்க வீட்டுக் கரண்டையும் புடுங்குனீக?"

ஆச்சி போனதும் சகாயராணி மெதுவாக, பச்சைத் தூளே வாங்கிப் போட்டுவிடலாம் என்றாள்.

"தூளா? குடில்ல நிக்கிற மண்ணு மாடுகூட அதத் திங்காது."

கடைசியாக வயிரவன் கடையிலேயே பட்டி, சோக்கோடு இரண்டு டியூப் லைட் வாங்கினார். புதுக் கேப்பையைத் தூவி, தாம்பாளத்துக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் சிவகங்கை ஆபீசுக்குப் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரம்தான் திரும்புவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாமான் அறைக்குத்தான் போவார்.

இந்தத் தடவை புல் சாயவில்லை, மஞ்சளிக்கவில்லை, கருகவில்லை. கும்மென்று பச்சை. லேசாக மோர் வாசம் மட்டும் அடித்தது. டியூப் லைட்டில் வளர்ந்தால் புல் அப்படித்தான் மணக்கும் என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு விளக்கமும் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாமியார் வீடு வீடாகக் குடில் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே பாதிப் பங்கு ஜனம். தாம்பாளத்தோடு குடிலுக்குள் வைத்திருந்த புல்லைத் தடவினார், குனிந்து முகர்ந்தார், அங்கேயே முதல் பரிசைச் சொல்லிவிட்டார். அந்தோணி பிரபு ஒரு புல்லைப் பிடுங்கி, வேர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திரும்ப நட்டு வைத்தார்.

"நெசமாவே வெயில் படாமலா அமலதாஸ்?" என்றார் சாமியார்.

அமலதாஸ் சாமான் அறைப் பக்கம் கையை நீட்டினார். அந்தோணி பிரபுவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெயில் எதுக்குச் சாமி? வயிரவன் கடையில பட்டி, சோக்கோட விக்கிது."

கூட்டம் கைதட்டியது. சகாயராணி மட்டும் வாசலைப் பார்த்துவிட்டு, காப்பி போட அவசரமாக உள்ளே நகர்ந்தாள்.

வறுத்த மோர் மிளகாய்க் கிண்ணத்தோடு வந்த சிட்டாள் ஆச்சி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குடிலை உற்றுப் பார்த்தாள்.

"ஏத்தா ராணி, பகல் பூரா எங்க மொட்டமாடியில எம் மோர் மொளகாயோட காஞ்ச தாம்பாளந்தான இது? புல்லுக்கு மொதப் பரிசுன்னா, எம் மொளகாய்க்கு ரெண்டாவதாச்சும் குடுக்கச் சொல்லு."