மஞ்சள் தடவி அனுப்பிய மெயில்

புதூர்நாடு,
சித்திரை 18

மதிப்பிற்குரிய மச்சான் இளவழகன் அவர்களுக்கு, வேடியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மகள் பிரியதர்ஷினி, மாடுகள் இரண்டு, எல்லாரும் சுகம். உங்கள் அக்கா ராஜேஸ்வரி உயிரோடு நல்ல சுகமாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே அழுத்தி எழுதிவிடுகிறேன். ஓசூரில் உங்கள் கோபம் எப்படி இருக்கிறது?

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். பெண் கல்யாணம் வைகாசி பத்து என்று முடிவானதும், தாய்மாமனுக்குத்தான் முதல் கடிதம் என்று நானே உட்கார்ந்து எழுதி, நாலு மூலையிலும் உங்கள் அக்கா மஞ்சள் தடவி, தபாலில் போடக் கிளம்பும்போது பிரியதர்ஷினி, "இன்னாப்பா, இந்தக் காலத்துல தபாலா? மாமாவுக்கு மெயில் அனுப்பு, ஒரு நிமிஷத்துல போய்டும்" என்றாள். ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் இறங்கி, கம்ப்யூட்டர் சென்டர் பிரகாஷிடம் கடிதத்தைக் கொடுத்து, "மஞ்சளும் சேர்ந்து போவுமாங்க?" என்று கேட்டேன். "எல்லாம் போவும், கவலைப்படாதீங்க" என்றார். போனது. ஆனால் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பிய அவருடைய ஸ்கேன் மிஷின் கறுப்பு வெள்ளை, மஞ்சள் நாலும் கறுப்பாகிவிட்டது. சாவுக் கடிதத்துக்குத்தானே மூலையில் கறுப்பு வைப்பார்கள்! நீங்கள் முதல் வரியில் அக்கா பெயரைப் பார்த்தீர்கள், மேலே படிக்கவில்லை. போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. கம்பெனியில் லீவு சொல்லி, ரோஜா மாலை வாங்கி, வழியெல்லாம் அழுதுகொண்டே ஜீப்பில் வந்து இறங்கினால், வாசலில் உங்கள் அக்கா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். "இன்னாடா தம்பி, இப்பவே மாலை வாங்கியாந்துகிற? மாப்ள வூட்டுக்காரங்க யாரும் வர்லியே!" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பு. நீங்கள் மாலையை விட்டெறிந்து, "இந்தக் கல்யாணத்துக்கு என் செருப்புகூட வராது" என்று அதே ஜீப்பில் மலை இறங்கிவிட்டீர்கள். மாலையை மாடு தின்றுவிட்டது.

மச்சான், டைப் அடித்து அனுப்பும் மெயிலில் எல்லார் கையெழுத்தும் ஒன்றுதான். பேங்க்காரரும் நானும் ஒரே மாதிரி எழுதுகிறோம். இந்தத் தாளைப் பாருங்கள், எத்தனை அடித்தல்! "மன்னிச்சிடுங்க" என்று எழுத நாலு தாள் கிழித்தேன். உங்கள் அக்கா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணவறைக்கு யார் கைபிடித்து அழைத்து வருவது? வாருங்கள் மச்சான்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் சாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
சிரித்ததற்கு வெட்கப்படும்
வேடியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள். உள்ளே அக்கா பரிமாறக் களி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொல்லையில் நின்று இதை எழுதுகிறேன். மேலே கெஞ்சியதெல்லாம் இனி வேண்டியதில்லை. ஆனாலும் நேரில் "வாங்க மச்சான்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. ஆணியில் மாட்டியிருக்கும் உங்கள் சட்டைப் பையில் இதை வைத்துவிடுகிறேன். ஓசூர் போய்ப் படியுங்கள். படித்ததாக மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.