முந்நூறு வெள்ளித் தாய்மாமன்

யாராவது என்னை முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு என் வாயில் பணம் என்ற சொல் வராது. இது நல்ல குணம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வியாதி என்று சொன்னவள் என் மனைவி வள்ளி.

காரைக்குடியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வாடகைக் கடை உண்டு. விசேஷ வீடுகளுக்கு நாற்காலி, அண்டா, ஜமுக்காளம் எல்லாம் கொடுப்போம். "மாமா, நம்ம வீட்டு விசேஷம்" என்று யாராவது படியேறினால் நூறு நாற்காலியை வண்டியில் ஏற்றிவிட்டு, "வாடகையப் பெறகு பாத்துக்கலாம் மாப்ளே" என்று அனுப்பிவிடுவேன். நாற்காலி திரும்பி வரும். வாடகை வராது. (ஒரு தடவை நாற்காலியும் வரவில்லை.) கல்லாவில் வள்ளி உட்கார ஆரம்பித்த பிறகுதான் கடை கடையாக நடக்கிறது. எனக்கு அண்டா துலக்குவதை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகம்.

இப்படிப்பட்ட ஆள் மலேசியாவுக்குப் போனேன்.

எங்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறாள். அவள் மகள், என் பேத்தி யாழினிக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் காது குத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். கம்மலும் துணிமணியும் தாய்மாமன் சீர். தேனுவுக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. வள்ளியின் அக்கா மகன் மடி கொடுக்க வருவதாகப் பேச்சு. கிளம்புகிற சமயத்தில் அவன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்திருக்கிறான், அது எப்போதோ காலாவதியாகிக் கிடந்தது.

"விடும்மா, இவரோட பிரெண்டு யாரு மடியிலயாவது உக்கார வச்சுக் குத்திக்கிறோம்" என்றாள் தேனு போனில்.

அதிலிருந்து வள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. "மாப்பிள்ள வீட்டுச் சனம் பூரா வந்து நிக்கும். நம்ம பக்கம் ஒரு மடிக்குக்கூட ஆளு இல்லன்னா என்ன நெனப்பாக?" என்று விமானத்தில் இடைவாரைப் போட்டுக்கொண்டே கேட்டாள். மகளுக்கு ஒரு அண்ணனையோ தம்பியையோ பெற்றுக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு நெடுநாள் குறை. இப்போது அது சபையில் தெரியப்போகிறது.

எனக்கு வேறொரு கவலை. யாராவது வந்து அழைத்துப் போகாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. மாப்பிள்ளை முன்னால் ஒரு தடவையாவது விவரமான ஆளாகப் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. அதனால் "மாப்பிள்ளை லீவு போட வேண்டாம், நாங்களே வந்துருவோம்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

தேனு பாடம் நடத்தினாள். "வெளிய வந்ததும் அங்குட்டு உள்ள வைஃபைல என்னையக் கூப்பிடுங்க. நான் இங்கேயிருந்து வண்டி போட்டு விடுறேன். இந்த ஊருக் காசுல எழுபது எம்பது வெள்ளிதான் ஆகும். யாராச்சும் டாக்சி வேணுமான்னு கேட்டா மூஞ்சியப் பாக்காம நடந்துருங்கப்பா."

முகத்தைப் பார்க்காமல் நடப்பது எனக்குப் பிறவியிலேயே வரும். அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வது என்று அவள் சொல்லித்தரவில்லை.

திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் இறங்கி, சாமான் தள்ளுவண்டியோடு வெளியே வந்தோம். வண்டியில் பலகாரப் பெட்டிகள். பெட்டி மாறிவிடக்கூடாது என்று வள்ளி நாலு பக்கமும் 'வள்ளி, காரைக்குடி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். வைஃபை எப்படிப் போடுவது என்று யாரைக் கேட்கலாம் என யோசித்து, கேட்பதற்கு வெட்கப்பட்டு, ஒரு தூணைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"காரைக்குடிங்களா அப்பா?"

நீலச் சட்டை போட்ட ஒரு பையன். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். எனக்குக் கால் நின்றுவிட்டது.

"எப்படித் தம்பி கண்டுபிடிச்சீக?"

"நம்ம ஊரு மொகம் தெரியாதாப்பா? எங்க தாத்தா அந்தப் பக்கந்தான். பசியாறிட்டீங்களா?"

பசியாறிட்டீங்களா என்று கேட்டதும் நான் விழுந்துவிட்டேன். எங்கள் ஊரிலும் காலையில் அப்படித்தான் கேட்பார்கள். கடல் தாண்டியும் என் முகத்தில் ஊர் தெரிகிறதே என்று பெருமையாக இருந்தது. (ஊர் எழுதியிருந்தது முகத்தில் இல்லை என்பது எனக்கு மட்டும் உறைக்கவில்லை.) நான் பெருமைப்பட்டு முடிப்பதற்குள் தள்ளுவண்டி அவன் கைக்குப் போய்விட்டது.

வள்ளி என் விலாவில் குத்தினாள். "வாடகை எவ்வளவுன்னு கேளுங்க."

கேட்டேன். எனக்கே காதில் விழாத குரலில் கேட்டேன்.

"நம்ம ஊரு ஆளுங்க. பார்த்துக் குடுங்கப்பா."

இந்த 'பார்த்துக் குடுங்க' என்பதை நானும் கடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என்னிடம் எல்லாரும் பார்த்ததோடு சரி, கொடுத்ததில்லை. அதனால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கார் கிளம்பியதும் நான் முறை விசாரிக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் இரண்டு பேர் ஒரு வண்டியில் உட்கார்ந்தால், இறங்குவதற்குள் யாருக்கு யார் என்ன முறை என்று தெரிந்தாக வேண்டும். பையன் பெயர் குணா.

"தாத்தா பேரு என்ன தம்பி?"

கொஞ்சம் யோசித்து, "கருப்பையா" என்றான்.

எங்கள் தெருவில் நின்று கருப்பையா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எனக்கு ஒரே ஒரு கருப்பையாதான் ஞாபகத்துக்கு வந்தார். மலாயாவுக்குக் கப்பலேறிப் போய் ஒரு கடுதாசிகூடப் போடாமல் இருந்துவிட்ட என் பெரியப்பா.

"ஆளு நல்ல ஒசரமா?"

"ஒசரந்தாம்ப்பா."

"இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாகளா?"

"வயசாச்சுன்னா எல்லாருக்கும் கால்வலி வந்துரும்லப்பா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பின்னால் திரும்பி, "வள்ளி, நம்ம பெரியப்பாதான்" என்றேன். பெரியப்பா பேரன் என்றால் எனக்கு மகன் முறை. அந்த நிமிஷத்திலிருந்து அவனை நீ, வா, போ என்று பேசினேன். பெரியப்பா யார் யாருக்குத் தர வேண்டியிருந்தது, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு நிறைவேற்றாமல் போனார் என்பதெல்லாம் சொன்னேன். அவனும் "அப்படியாப்பா", "சந்தோசம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். வள்ளி வாயே திறக்கவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

மகள் இருக்கும் அடுக்குமாடி வாசலில் இறங்கினோம்.

"எவ்வளவுப்பா?"

"முந்நூறு வெள்ளி குடுங்கப்பா போதும்."

தேனு சொன்ன எழுபது எண்பது ஞாபகம் வந்தது. முன்பின் தெரியாதவனாக இருந்திருந்தால் மனதுக்குள்ளாவது சண்டை போட்டிருப்பேன். பெரியப்பா பேரனிடம் என்ன பேசுவது? முந்நூறை எண்ணிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? எங்கள் ஊரில் வாடகைக் கார் பிடித்தால் டிரைவருக்குத் தனியாகப் படி கொடுப்பது வழக்கம். அதற்காக மேலே ஒரு இருபது கொடுத்தேன். அப்போதுதான் அவன் என் முகத்தை உண்மையிலேயே பார்த்தான். பயந்துபோன மாதிரி இருந்தது.

வள்ளி வாயைத் திறந்தாள். "பொட்டியத் தூக்கிட்டு மேல வாப்பா. வீடு வரைக்கும் வந்துட்டு வெறும் வயித்தோட போகக்கூடாது."

"டூட்டி இருக்குலா அம்மா."

"ரெண்டு இட்லி திங்கிற நேரந்தான."

கதவைத் திறந்த தேனு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பெட்டியோடு நின்றவனைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "யாருப்பா இது?"

"ஒனக்கு அண்ணன்" என்றேன்.

அவனை உட்கார வைத்து வள்ளி இட்லி வைத்தாள். மாப்பிள்ளை ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார். தேனு மெதுவாகக் கேட்டாள், "எவ்வளவுப்பா குடுத்தீக?"

"முந்நூறு." படிக் காசைச் சொல்லவில்லை.

"முந்நூறா? ஏர்போர்ட்டுல இருந்து இங்குட்டு வர முந்நூறா?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். மரியாதை தெரிந்த பிள்ளை, சிரிப்பை அங்கேதான் வைக்க முடிந்தது. குணாவின் வாயில் இட்லி அப்படியே நின்றது. எனக்கு அந்தப் பலகாரப் பெட்டிக்குள் போய் அதிரசத்தோடு அதிரசமாகப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வள்ளி நிதானமாகச் சட்னி ஊற்றினாள்.

"கூடக் கொறைய வாங்குனா என்னடி? அண்ணங்காரந்தான. எங்குட்டுப் போகப் போகுது, மருமகளுக்குத்தான் செய்யப் போறான்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, வார ஞாயித்துக்கெழம இங்கன பக்கத்துக் கோயில்ல புள்ளைக்குக் காது குத்து. நீதான் தாய்மாமன். ஒரு சோடிக் கம்மல், பட்டுப்பாவாட, மாலை, தேங்கா பழம். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் பெருசாச் செய்ய வேணாம்."

குணா இட்லியை விழுங்கினான். அது இறங்குவது வெளியே தெரிந்தது.

"அம்மா, ஞாயித்துக்கெழம டூட்டி..."

"ஏர்போர்ட்டு எங்குட்டும் போயிராது."

அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து உண்மையைச் சொல்லிவிட்டான். "அம்மா, எங்க தாத்தா ஊரு எதுன்னே எனக்குத் தெரியாது. பொட்டியில காரைக்குடின்னு எழுதியிருந்துச்சு. அதப் படிச்சுத்தான் கேட்டேன்."

"கருப்பையா?" என்றேன்.

"வாயில வந்துச்சுப்பா."

மாப்பிள்ளை இருமிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டார். அங்கே போயும் இருமல் நிற்கவில்லை. என் பெரியப்பா இரண்டாவது தடவையாகக் கப்பலேறிப் போனார்.

குணா பையிலிருந்து பணத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். தேனு கை நீட்டினாள். வள்ளி அதைத் தடுத்து, பணத்தை அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"மகன்னு குடுத்ததத் திருப்பி வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல. முறை சொல்லிட்ட, ஒக்காந்து சாப்புட்டுப்புட்ட. கம்மலாக் கொண்டு வா."

அவள் விவரமாகப் பேசினாளா, உண்மையாகவே நம்பிப் பேசினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன். "போயி அண்டாவப் பாருங்க" என்பாள்.

ஞாயிறு வரைக்கும் தேனு என்னை விடவில்லை. "அப்பா, அந்த ஆளு இந்நேரம் வேற ஒரு பெரியப்பாவப் பிடிச்சிருப்பாரு" என்பாள். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். விவரமான ஆளாக வந்து இறங்க ஆசைப்பட்டவன், மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்போதெல்லாம் துணி காயப்போடுகிற மாதிரி நடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார். சம்பந்தியம்மா வள்ளியிடம், "மாமன் எங்கங்க?" என்றார்கள்.

"வந்துக்கிட்டு இருக்கான்" என்றாள் வள்ளி. குரல் கல் மாதிரி இருந்தது. கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் இஸ்திரி போட்ட வேட்டியோடு தயாராக நின்றார். ஆசாரி இரண்டாம் முறை கேட்டார். வள்ளி வாசலையே பார்த்தாள். முப்பது வருஷமாக எதற்கும் அசையாத அந்த முகம் கொஞ்சம் கலங்குவதைப் பார்த்தபோது, முந்நூறு வெள்ளி போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு மடி கிடைத்தால் போதும் என்று இருந்தது.

நண்பர் உட்காரப் போனார். வாசலில் குணா வந்தான்.

பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி. கூடவே தாம்பாளத்தோடு ஒரு அம்மாள், அவன் தாயார். நேராக வள்ளியிடம் வந்தார்கள்.

"இந்தப் பய வீட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். காரைக்குடிக்காரங்க சோறு போட்டு மடி கேட்டாங்கன்னு. எனக்குச் சிரிப்பு வரல. புள்ளைக்கு மாமன் இல்லாமத்தான கேக்குறாங்க, அதப் போயி கதை சொல்றியேடான்னு கேட்டேன்."

வள்ளி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாம்பாளத்தில் கடுகு போல ஒரு சோடித் தங்கக் கம்மல் இருந்தது. பச்சைப் பட்டுப்பாவாடை இருந்தது. ஒரு வயதுப் பிள்ளை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை போல, பாவாடை ஆறு வயதுக்கு இருந்தது.

யாழினி அவன் மடியில் உட்கார்ந்து அவன் மூக்கைப் பிடித்து விளையாடினாள். ஊசி இறங்கியது. முதலில் கத்தியது குணா. அவன் கத்துவதைப் பார்த்துத்தான் பிள்ளை அழ ஆரம்பித்தது. இரண்டாவது காதுக்கு ஆசாரி, "மாமாவ யாராவது புடிச்சுக்கங்க" என்றார். மாப்பிள்ளைதான் பிடித்துக்கொண்டார்.

அதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது நாங்கள் மலேசியா போனால் குணாதான் வந்து அழைத்துப் போகிறான். காசு வாங்குவதில்லை. அந்தப் பச்சைப் பாவாடை போன பொங்கலுக்குத்தான் யாழினிக்குச் சரியாக இருந்தது. எங்கள் கடைக்குச் சாமான் விற்க வருகிறவர் யாராவது விலையைக் கூட்டிச் சொன்னால் வள்ளி பேரம் பேசுவதில்லை. "ஞாயித்துக்கெழம காது குத்து, வந்துருங்க" என்பாள். தேனு இன்னும் என் முகத்துக்கு நேராகவே, "எங்கப்பா முந்நூறு வெள்ளிக்கு எனக்கு ஒரு அண்ணன் வாங்கிக் குடுத்தாரு" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். படிக் காசு இருபது அவளுக்கு இப்போதும் தெரியாது.

போன மாசம் குணாவும் அவன் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். திருச்சி விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றேன். "வேண்டாம்ப்பா, நாங்களே வந்துருவோம். டாக்சிக்காரனுக்கே டாக்சி பிடிக்கத் தெரியாதா?" என்றான்.

வாசலில் கார் வந்து நின்றது. குணா இறங்கிய வேகத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எவ்வளவுப்பா குடுத்த?" என்றாள் வள்ளி.

அவன் தலையைச் சொறிந்தான். "ஏழாயிரம்மா. மாப்ளே, மாப்ளேன்னு கூப்பிட்டாரு. எப்படிம்மா பேரம் பேசுறது?"

வாழ்க்கையில் அன்றைக்குத்தான் நான் வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தேன். வள்ளி சிரிக்கவில்லை. படியிறங்கி நேராகக் காரிடம் போனாள்.

"உள்ள வாங்க தம்பி, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போகலாம்."

டிரைவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "வேணாங்கக்கா" என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

விவரமான ஆள்.