புள்ளி நிக்கக் கூடாது

"என் பேரு முத்தரசு. வயசு இருபத்தேழு. இப்ப கொத்தமங்கலம் ரோட்டுல ரெண்டாவது தண்ணி மேசைக்கிட்ட ஓடிக்கிட்டிருக்கேன். மயக்கம் ஏதும் வரல."

போனை வாயருகே வைத்து முத்தரசு இதைச் சொன்னான். போன் அதை எழுத்தாக்கிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டது. ஓடுகிறவன் விரலால் எழுத முடியாது. ஆனால் எழுத்தில்தான் வேண்டும் என்று கல்யாணத் தரகர் சோணை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேர், வயசு, இருக்கும் இடம், உடம்பு நிலவரம். அப்படி இருந்தால்தான் அவர் அதை அப்படியே தேவகோட்டையில் பெண் வீட்டுக்குத் தள்ளிவிட முடியுமாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் குவைத்தின் குளிர்.

குவைத்தில் ஏது குளிர் என்று கேட்கலாம். முத்தரசு மூன்று வருஷமாக வேலை பார்த்தது கோழிக்கறிக் கிடங்கில். உள்ளே எந்நேரமும் மைனஸ் பதினெட்டு. கம்பளித் தொப்பி, கையுறை, முட்டி வரைக்கும் கோட்டு. கல்யாணத்துக்கு லீவில் வந்தவனுக்குப் பட்டுவேட்டி கட்டி, ஆளுயர மாலை போட்டு, பங்குனி வெயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் நிச்சயதார்த்தத்துக்கு உட்கார வைத்தார்கள். தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளை தட்டோடு சேர்ந்து பெண்ணின் அப்பா சுந்தரத்தின் மடியில் சாய்ந்துவிட்டான்.

மறுநாளே சோணை வந்தார்.

"மாப்ளைக்கு உடம்புல ஏதோ கோளாறோன்னு அங்குட்டு ஒரு பேச்சு ஓடுதுக்கா."

"எம்புள்ளைக்கா?" என்று எகிறினாள் அம்மா காளீஸ்வரி. "கோழிப் பெட்டிய ஒத்தக் கையில தூக்குறவன்யா அவன்!"

"எனக்குத் தெரியுது. அவுகளுக்குத் தெரியணும்ல? ஞாயித்துக்கெழமை காரைக்குடியில மாரத்தான் நடக்குது. பத்துக் கிலோமீட்டர். விழுகாம ஓடிக் காமிச்சுட்டா அந்த வாயெல்லாம் மூடிக்கிரும். ஓடி முடிச்சாத்தான் முகூர்த்தம்னு சுந்தரம் அண்ணனே சொல்லிட்டாக."

"நான் வேணா மாமாகிட்ட நேர்ல பேசவா?" என்றான் முத்தரசு.

சோணை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தாலி கட்டுறதுக்கு முன்னாடி மாப்ளையும் மாமனாரும் நேருக்கு நேர் பேசிக்கிட்டா, தரகன்னு ஒருத்தன் எதுக்குய்யா இருக்கேன்?"

அதுதான் ஊர் வழக்கம். பெண் சினேகாவுக்குப் போன் போடலாம்தான். ஆனால் அவளுடைய அப்பா மடியில் விழுந்தவன் என்ன முகத்தோடு ஹலோ சொல்வது?

ஆகவே ஓடினான். சோணை பெண் பார்ப்பார், மனை பார்ப்பார், பந்தலுக்கு ஆள் பார்ப்பார். இந்த வருஷம் மாரத்தான் குழுவிலும் அவர் இருந்தார். காலையில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மேடையில் மைக்கைப் பிடித்து, "போன வருசம் ஓட ஆள் வராம, தண்ணி குடுக்க வந்த பசங்களையே ஓட விட்டோம். இந்த வருசம் பாருங்கய்யா கூட்டத்தை!" என்று முழங்கினார். பிறகு கீழே இறங்கி வந்து முத்தரசின் போனை வாங்கி, அவன் இருக்குமிடம் தனக்குத் தெரிகிற மாதிரி எதையோ தட்டிக் கொடுத்தார்.

"இதுல நீங்க ஒரு நீலப் புள்ளி. நான் பாத்துப் பாத்து பொண்ணு வீட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பேன். புள்ளி நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா விழுந்துட்டீகன்னு அர்த்தம். விழுந்துட்டீகன்னா கல்யாணம் நின்னுச்சுன்னு அர்த்தம்."

அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா இந்தப் பக்கம் வந்தாள். அவன் இடுப்பில் ஒரு மஞ்சப்பையைக் கட்டினாள்.

"என்னம்மா இது?"

"கல்யாணப் பத்திரிக்கைடா. ரெண்டே ரெண்டு வீடு. செம்மலை பெரியப்பா வீடு ரோட்டு மேலயே இருக்கு. மீனாள் அத்தை வீடு பக்கத்துச் சந்து. ஓடுற வழிதான? வச்சிட்டு ஓடிரு."

"அம்மா, இது போட்டிம்மா!"

"பத்திரிக்கை வச்சு ஊருக்கே தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் எவன்டா கல்யாணத்தை நிறுத்துவான்? ஓடு ஓடு, சுட்டுட்டாக!"

துப்பாக்கி வெடித்திருந்தது.

செம்மலை பெரியப்பா வீடு வந்தது. புள்ளி நிற்கக் கூடாது. பத்திரிக்கையும் வைக்க வேண்டும். முத்தரசு யோசித்தான். ஓட்டத்தைக் குறைக்காமலே மஞ்சப்பைக்குள் கையை விட்டு, ஒரு பத்திரிக்கையை எடுத்து, சுற்றுச்சுவருக்கு மேலே வீசினான். அது சரியாகப் பெரியப்பாவின் காப்பி டம்ளரில் போய் விழுந்தது.

"எவன்டா அவன்?"

சற்று நேரத்தில் பின்னால் டிவிஎஸ் எக்ஸெல் சத்தம் கேட்டது. தலையில் துண்டும் கையில் நனைந்த பத்திரிக்கையுமாகப் பெரியப்பா வந்துகொண்டிருந்தார்.

"ஏன்டா, நீ பேப்பர்காரனாடா? கல்யாணப் பத்திரிக்கையைச் சுவரேத்தி வீசுறவன் உலகத்துலயே நீதான்டா! வண்டிய விட்டு எறங்கிக் கேக்குறேன், நில்லுடா!"

நின்றான். தட்டில்லை என்பதற்கு ஒரு திட்டு, மஞ்சள் குங்குமம் இல்லை என்பதற்கு ஒரு திட்டு, மூத்தவர் முன்னால் கால்சட்டையோடு நிற்பதற்கு ஒரு திட்டு.

"இதெல்லாம் போகட்டும். ஒத்த ஆளாவா வந்து வைப்பாக? இதென்ன எழவுச் சேதியா? ரெண்டு பேரா வரணும்னு உங்கம்மாவுக்குத் தெரியாது?"

போன் அடித்தது. சோணை.

"தம்பி! புள்ளி நகரலையே! எங்க விழுந்து கெடக்கீக?"

"விழுகலண்ணே, பெரியப்பாகிட்ட..."

"பொண்ணு வீட்டுல எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாகய்யா! ஓடுங்க!"

முத்தரசுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகிற மாப்பிள்ளையைப் பார்த்ததும் பெரியப்பாவின் கோபம் இறங்கியது. விஷயத்தைக் கேட்டார்.

"பூ, இம்புட்டுதானா? போனை எங்கிட்டக் குடு. புள்ளிய நான் ஓட்டுறேன். நீ மெதுவா வா. மீனாள் வீட்டுக்கு ரெண்டு பேருமாப் போயி முறையா வைப்போம்."

நல்ல யோசனைதான். பெரியப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எக்ஸெலை முறுக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் சோணையின் குரல் அந்தப் பையிலிருந்து அலறியது.

"தம்பி! நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போறீக! வண்டியில ஏறிட்டீகன்னு சொல்றாகய்யா!"

பெரியப்பா திரும்பி வந்தார். இனி அவனுக்கு முன்னால், அவன் ஓடுகிற வேகத்திலேயே உருட்டுவது என்று முடிவானது. பகலிலும் எரிகிற விளக்கு, தலையில் சிவப்புத் துண்டு, விட்டு விட்டு ஹாரன். வண்டிக்குப் பின்னால் ஒருவன் எண் அட்டை குத்திக்கொண்டு ஓடுகிறான். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? வழிகாட்டி வண்டி என்றுதான் தோன்றும். பின்னால் வந்த ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

மீனாள் அத்தையின் சந்தில் பெரியப்பா திரும்பினார். முத்தரசு திரும்பினான். பின்னால் இருபது பேர் திரும்பினார்கள்.

வாசலில் நின்ற அத்தை முகவாயில் கை வைத்தாள்.

"ஏன்டா மருமகனே, மாப்ளைத் தோழமாரு இம்புட்டுப் பேரா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் ஒரு படி ஊறப் போட்டிருப்பேனே!"

"அத்தை, இவுக யாருன்னே எனக்கு..."

"அம்மா, இதுதான தண்ணி குடுக்குற எடம்?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் உள்ளே நுழைந்தார். நல்ல தொப்பை அவருக்கு. எண் அட்டை அதன் மேல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது.

"தண்ணி என்னத்துக்கு? மோரே இருக்கு. உக்காருங்கய்யா எல்லாரும். ஏன் இப்புடி ஓடியாரீக? நடந்தே வந்திருக்கலாம்ல?"

வெள்ளைப் பணியாரம் வந்தது. காரச் சட்னி வந்தது. வேண்டாம் என்ற இரண்டு பேரை அத்தை தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். தொப்பைக்காரர் மட்டும் சட்னி வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

முத்தரசு வாசலுக்கு ஓடினான்.

"பெரியப்பா, புள்ளி நின்னுரும்! நீங்க சுத்திக்கிட்டே இருங்க!"

"எங்குட்டு?"

"வீட்டைத்தான்!"

பெரியப்பா வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். அத்தை பத்திரிக்கையை வாங்கிக்கொண்டு முத்தரசையும் இலைக்கு முன்னால் உட்கார வைத்தாள். முன்வாசலில் தோன்றினார், மறைந்தார், மறுபடி தோன்றினார். ஒவ்வொரு சுற்றிலும் சோணையின் குரல் ஒரு துண்டாகக் கேட்டது.

"தம்பி, புள்ளி வட்டமாப் போகுதே..."

ஒரு சுற்று.

"...தலை சுத்துதான்னு கேக்குறாக..."

இன்னொரு சுற்று.

"...பயப்படாதீக, ஆம்புலன்ஸ் அனுப்பிட்டேன்!"

முத்தரசு இலையை விட்டு எழுந்தான். அதற்குள் சந்து முனையில் சைரன் கேட்டுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முற்றம் முழுக்க எண் அட்டை குத்திய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தார்கள். அவருக்கு முகம் வெளுத்தது.

"இதுல மயக்கம் வந்த ஆளு யாருங்க?"

"மயக்கமா? நிச்சயத்துக்கு விழுந்தானே, இந்தா இவன்தான்!" என்று அத்தை பிரியமாகக் கையைக் காட்டினாள்.

ஆம்புலன்ஸில் ஏறினால் கல்யாணம் போச்சு. முத்தரசு பின்வாசல் வழியாகப் பாய்ந்தான். மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மறுபடி ரோட்டுக்கு வந்தான். பின்னால் சைரன். சைரனுக்குப் பின்னால் பெரியப்பா. அவருக்குப் பின்னால் பணியாரம் தின்ற இருபது பேர்.

"தம்பி, நில்லுங்க! பிரஷர் மட்டும் பாத்துக்கிறோம்!"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே!"

"ஒண்ணும் இல்லாதவரு ஏன்யா இப்புடி ஓடுறீக?"

வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு கண்ணுக்கு முன்னால் தண்ணீர் மாதிரி நெளிந்தது. வயிற்றில் பணியாரம் கல்லாக உட்கார்ந்திருந்தது. முத்தரசுக்குக் காது அடைத்தது. நிச்சயதார்த்தத்தன்றும் முதலில் காதுதான் அடைத்தது. சினேகா ஒரு முறை மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு தகரக் கொட்டகையோடு சேர்ந்து சுழன்றது. 'போச்சு. இந்த மைல்கல்லுக்குப் பக்கத்துலதான் விழப் போறேன்' என்று நினைத்தான்.

அப்போது எதிரே ஒரு மீன்காரர் மொபெட்டை நிறுத்திப் பெட்டியைத் திறந்தார்.

குப்பென்று ஒரு குளிர் முகத்தில் அடித்தது. உறைந்த மாமிச வாடை. மூன்று வருஷமாக அவனைக் காப்பாற்றிய வாடை. முத்தரசு நேராகப் போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டான்.

"ஏய், ஏய்! அது வஞ்சிரம்ப்பா!"

இரண்டு கையிலும் ஐஸை அள்ளிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டான். உடம்பு வேலைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. காது திறந்தது. கால் திறந்தது. இடது கக்கத்தில் ஒரு சங்கரா மீன் இருப்பதைக் கூடக் கவனிக்காமல் பறந்தான். சைரன் தூரத்தில் தேய்ந்தது.

மைதானத்தில் சோணை மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தா வாராரு பாருங்கய்யா! ஆம்புலன்ஸ் வெரட்டியும் பிடிக்க முடியாத வீரரு!"

முத்தரசு முடிவுக் கோட்டைத் தாண்டினான். நிற்கப் பயந்து இன்னும் கொஞ்சம் ஓடினான். யாரோ அவனைப் பிடித்து நிறுத்திக் கழுத்தில் மெடலைப் போட்டார்கள். விழவில்லை. சத்தியமாக விழவில்லை. அம்மா ஓடிவந்து அவன் முகத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். கக்கத்து மீனை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மாமா வந்தாகளாண்ணே? பாத்தாகளா?" என்றான் முத்தரசு, சோணையைத் தேடிப் போய்.

"இப்பத்தான்ய்யா போறாக! கண்ணு நெறைஞ்சிருச்சு அவுகளுக்கு. இனிமே உங்களைப் பத்தி எவன் பேசுவான்? முகூர்த்தம் உறுதி!" சோணை அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கோட்டை நோக்கி அவசரமாக ஓடினார். "வாங்க, வாங்க! அடுத்த வீரரு!"

முத்தரசு வேப்பமர நிழலில் காலை நீட்டினான். மாமா பார்த்துவிட்டார். சினேகாவிடமும் சொல்லியிருப்பார். ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக வெயில் அவனுக்கு இதமாக இருந்தது.

அத்தை வீட்டில் சட்னி வாளியை நகர்த்திக்கொண்ட தொப்பைக்காரர் மூச்சு வாங்க வந்து, பக்கத்தில் பொத்தென்று விழுந்து, தன் போனை அவனிடம் நீட்டினார்.

"தம்பி, மெடலோட என்னைய ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன், சோணை அண்ணனுக்கு அனுப்பணும்; எனக்குத் தொப்பைன்னு பொண்ணு வீட்டுல முகூர்த்தத்தை நிறுத்தி வச்சிருக்காகளாம், அந்தா கோட்டுக்கிட்ட வாராருல்ல, அவருக்கு மூச்சிரைப்புன்னு நிறுத்திட்டாகளாம், அவரையும் அப்புடியே ஒண்ணு எடுத்துருங்க."